கிரேடில் சார்புகளிலிருந்து எக்லிப்ஸ் கிளாஸ்பாத்: ஐடிஇயில் பிழை இல்லை, கட்டளை வரியில் கம்பைல் ஆகவில்லை

கேள்வி

வணக்கம். எங்கள் அணியின் ஜாவா மென்பொருள் ஒரே கிட் களஞ்சியத்துக்குள் பல துணைப் புராஜெக்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பில்ட் கருவி கிரேடில் 7.6. அணியில் பெரும்பாலோர் நிரல் எழுதும் சூழலாக (ஐடிஇ) எக்லிப்ஸைப் பயன்படுத்துகிறார்கள். சிலர் இன்டெல்லிஜே ஐடியாவிலும் ஓரிருவர் விஎஸ் கோடிலும் வேலை செய்கிறார்கள். முன்பு மேவன் என்ற பில்ட் கருவி இருந்த காலத்தில், அதன் எக்லிப்ஸ் பிளகினை ஓட்டி, அது எழுதித் தரும் கிளாஸ்பாத் கோப்பை (ஜாவா வகுப்புகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) அப்படியே களஞ்சியத்தில் கமிட் செய்யும் வழக்கம் இருந்தது. கிரேடிலுக்கு மாறிய பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பில்ட் ஸ்கிரிப்டில் எக்லிப்ஸ் பிளகினைச் சேர்த்து, ‘எக்லிப்ஸ்’ என்னும் டாஸ்க்கை ஓட்டி, உருவாகும் கோப்பைக் கமிட் செய்கிறோம்.

இதில் மூன்று தொல்லைகள் தொடர்ந்து வருகின்றன. முதலாவது, கோப்பில் ஒவ்வொரு ஜாருக்கும் (நூலகக் கோப்பு) எழுதப்படும் பாதை, டாஸ்க்கை ஓட்டியவருடைய ஹோம் கோப்புறையில் தொடங்கி, கிரேடிலின் கேஷ் வழியாக, ஹாஷ் பெயர் கொண்ட கோப்புறை வரை நீள்கிறது. இன்னொருவர் களஞ்சியத்தைப் புதுப்பித்தவுடன் அவருடைய எக்லிப்ஸில் அத்தனை ஜார்களும் காணாமல் போனதாகப் பிழை வருகிறது. அவர் டாஸ்க்கை மீண்டும் ஓட்டித் தன் கோப்பைக் கமிட் செய்தால் மற்றவர்களுக்கு அதே கதி.

இரண்டாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. எக்லிப்ஸில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாத நிரல், மாற்றங்களைத் தானாகவே பில்ட் செய்து சோதிக்கும் சிஐ சர்வரில் கம்பைல் ஆகாமல் நிற்கிறது. ஒருமுறை முதன்மை நிரலில், சோதனை நூலகமான மொக்கிட்டோவின் ஒரு வகுப்பு, தானியங்கி இம்போர்ட் வழியாக நுழைந்திருந்தது. இன்னொரு முறை ‘வலை’ என்ற துணைப் புராஜெக்டில் குவாவா நூலகத்தின் வகுப்பு ஒன்று பயன்படுத்தப்பட்டிருந்தது; ‘வலை’யின் பில்ட் ஸ்கிரிப்டில் குவாவாவே இல்லை, அது சார்ந்திருக்கும் ‘பொது’ என்ற புராஜெக்டில்தான் ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கிரேடிலின் பிந்தைய பதிப்புகள் டெஸ்ட் சார்புகளை, அதாவது சோதனைக்கு மட்டும் தேவையான நூலகங்களை, தனியே பிரித்தே எக்லிப்ஸுக்குத் தருகின்றன என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மொக்கிட்டோ எப்படி முதன்மை நிரலுக்குத் தெரிகிறது?

மூன்றாவது, புரோட்டோபஃப் (தரவு வடிவத்தை விவரிக்கும் மொழி) வரையறைகளிலிருந்து பில்டின்போது உருவாகும் ஜாவா நிரல்கள். புதிதாகக் களஞ்சியத்தை நகலெடுத்தவருக்கு அந்தக் கோப்புறை எக்லிப்ஸில் வருவதே இல்லை. முழு பில்டை ஒருமுறை ஓட்டிவிட்டு டாஸ்க்கை மீண்டும் ஓட்டினால்தான் வருகிறது.

வழக்கமான ‘மெயின்’, ‘டெஸ்ட்’ ஆகிய சோர்ஸ் செட்களோடு (ஒன்றாகக் கம்பைல் ஆகும் நிரல் தொகுதிகள்), தரவுதளத்தைத் தொட்டுச் சோதிக்கும் நிரல்களுக்காக ‘இன்டெக்’ என்ற மூன்றாவது சோர்ஸ் செட் ஒன்றையும் வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டாஸ்க் வழியாகக் கோப்பை உருவாக்குவதைத் தொடர்வதா, கிரேடிலை எக்லிப்ஸோடு நேரடியாக இணைக்கும் பில்ட்ஷிப்புக்கு மாறுவதா, எதைச் செய்தாலும் ஐடிஇயும் கட்டளை வரியும் ஒரே தீர்ப்பைச் சொல்லும்படி செய்ய முடியுமா என்பதே என் கேள்வி.

மறுமொழி 1

நீங்கள் சொல்லும் இரண்டாவது தொல்லைக்குள் வெவ்வேறு காரணங்கள் கொண்ட இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன; ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

அடிப்படையை முதலில் பார்ப்போம். கிரேடிலில் ஒவ்வொரு சோர்ஸ் செட்டுக்கும் கம்பைல் கிளாஸ்பாத் ஒன்று, இயங்கும்போது பயன்படும் ரன்டைம் கிளாஸ்பாத் ஒன்று என இரண்டு தனிப் பட்டியல்கள் உண்டு. மூன்று சோர்ஸ் செட் வைத்திருக்கும் உங்கள் புராஜெக்டில் ஆறு பட்டியல்கள் இருக்கின்றன. எக்லிப்ஸின் ஜாவா கருவியோ, ஒரு புராஜெக்டுக்கு ஒரே ஒரு கிளாஸ்பாத் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. ஆகவே எக்லிப்ஸ் பிளகின் அந்த ஆறு பட்டியல்களின் கூட்டுத்தொகையை ஒரே கோப்பில் எழுதுகிறது. எழுதும்போது எந்த ஜார் எந்தச் சோர்ஸ் செட்டுக்கு உரியது என்ற விவரம் தொலைந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு வரிக்குள்ளும் ‘கிரேடில் யூஸ்டு பை ஸ்கோப்’ என்ற பண்பில் அந்தப் பெயர்களைக் குறித்து வைக்கிறது. ஆனால் எக்லிப்ஸின் கம்பைலர் அந்தப் பண்பைப் படிப்பதில்லை. அது புரிந்துகொள்வது ‘டெஸ்ட்’ என்ற பண்பை மட்டுமே. 2018 ஜூனில் வந்த எக்லிப்ஸ் 4.8 ஃபோட்டானில்தான் அந்த வசதி சேர்ந்தது, கிரேடில் 5.6 முதல் அந்தப் பண்பைத் தானே எழுதுகிறது. நீங்கள் படித்தது சரிதான்.

பிறகு ஏன் மொக்கிட்டோ தெரிகிறது? கிளாஸ்பாத் கோப்பை ஒரு உரைத் திருத்தியில் திறந்து மொக்கிட்டோவுக்கான வரியைப் பாருங்கள். அங்கே ‘இன்டெக்’, ‘டெஸ்ட்’ என்ற இரண்டு பெயர்களும் குறிக்கப்பட்டிருக்கும் என்றும், டெஸ்ட் பண்பு இருக்காது என்றும் ஊகிக்கிறேன். ஒரு சோர்ஸ் செட்டின் பெயருக்குள் ‘டெஸ்ட்’ என்ற எழுத்துகள் எங்கேனும் வந்தால்தான் கிரேடில் அதைச் சோதனைக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது பொருட்டில்லை. ‘இன்டெக்ரேஷன்டெஸ்ட்’ என்று பெயரிட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. ‘இன்டெக்’ என்ற பெயரில் அந்த எழுத்துகள் இல்லாததால், அது முதன்மை நிரலின் வகையில் சேர்க்கப்படுகிறது. மொக்கிட்டோவை ஒரு முதன்மை வகைச் சோர்ஸ் செட்டும் பயன்படுத்துகிறது என்று முடிவாகி, அந்த ஜார் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. சோதனை நூலகமான ஜேயூனிட்டும் அப்படியே திறந்திருக்கும். அதை யாரும் முதன்மை நிரலில் இம்போர்ட் செய்யாததால் உங்கள் கண்ணில் படவில்லை.

சோர்ஸ் செட்டின் பெயரை மாற்றலாம். அது பல இடங்களைத் தொடும் என்றால், எக்லிப்ஸ் அமைப்பின் கிளாஸ்பாத் பகுதியில் ‘டெஸ்ட்சோர்ஸ்செட்ஸ்’, ‘டெஸ்ட்கான்ஃபிகரேஷன்ஸ்’ என்ற இரண்டு பண்புகள் 7.5 முதல் இருக்கின்றன. முதலாவதில் ‘இன்டெக்’ சோர்ஸ் செட்டையும், இரண்டாவதில் அதன் கம்பைல், ரன்டைம் கிளாஸ்பாத்களையும் சேர்த்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்த வேண்டாம்.

குவாவாவின் கதை வேறு. ‘பொது’வில் அது இம்ப்ளிமென்டேஷன் என்று அறிவிக்கப்பட்டிருப்பதன் பொருள், ‘பொது’வைச் சார்ந்திருப்பவர்கள் அதைக் கம்பைலின்போது பார்க்கக் கூடாது, ஆனால் இயங்கும்போது அது அவர்களிடம் இருந்தாக வேண்டும் என்பதே. ஆகையால் குவாவா, ‘வலை’யின் கம்பைல் கிளாஸ்பாத்தில் இல்லை, ரன்டைம் கிளாஸ்பாத்தில் இருக்கிறது. எக்லிப்ஸ் இரண்டையும் கூட்டியே பெறுவதால், அதன் கண்ணுக்கு அது சாதாரணச் சார்பு. ‘ரன்டைம்ஒன்லி’ என்று அறிவிக்கும் ஜேடிபிசி டிரைவர் (தரவுதளத்தோடு இணைப்பது), லாக்பேக் (பதிவுகளை எழுதுவது) போன்றவையும் இதே வழியில்தான் முதன்மை நிரலுக்குத் தெரிகின்றன. முதன்மைக்கும் சோதனைக்கும் இடையே கோடு போட எக்லிப்ஸுக்கு இப்போது தெரியும். கம்பைலுக்கும் ரன்டைமுக்கும் இடையே கோடு போட அதற்கு இன்றும் நேரடி வழி இல்லை. எதிர்த்திசையிலும் இந்தக் கசிவு உண்டு: ‘கம்பைல்ஒன்லி’ என்று அறிவித்த சர்வ்லெட் ஏபிஐ போன்றவை, ஐடிஇயின் சாதாரண ஜாவா லாஞ்சில் இயக்கும்போது உடன் வந்து நிற்கக்கூடும்.

மறுமொழி 2

முதல் மறுமொழியின் விளக்கம் சரியானது. நேரடி வழி இல்லை என்று அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். சுற்றுவழி இரண்டு இருக்கின்றன.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எக்லிப்ஸ் அமைப்பில் ‘மைனஸ்கான்ஃபிகரேஷன்ஸ்’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்து, ரன்டைம் கிளாஸ்பாத்தை அதில் போட்டால் தீர்ந்தது என்று பலருக்கும் தோன்றும். அது பட்டியலை நீக்குவதில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சார்பையும் நீக்குகிறது. கம்பைலுக்கு வேண்டிய ஜார்களில் பெரும்பாலானவை ரன்டைம் பட்டியலிலும் இருப்பவைதாம். ஆகவே கிட்டத்தட்ட எல்லாமே போய், புராஜெக்ட் முழுவதும் சிவந்துவிடும்.

முதல் சுற்றுவழி, கிளாஸ்பாத் கோப்பு உருவாகும் கட்டத்தில் தலையிட்டு, ரன்டைமில் மட்டுமே வரும் ஜார்களுக்கும் டெஸ்ட் பண்பை இட்டுவிடுவது. பிளகின் கோப்பை எழுதும் வரிசை இது: ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதைப் படிக்கிறது; ‘பிஃபோர்மெர்ஜ்டு’ என்ற கொக்கியை (இடையில் நம் நிரலை ஓட்ட இடம் தரும் வசதி) அழைக்கிறது; பில்டிலிருந்து கணக்கிட்ட வரிகளைச் சேர்க்கிறது; ‘வென்மெர்ஜ்டு’ கொக்கியை அழைக்கிறது; கடைசியாக ‘வித்எக்ஸ்எம்எல்’ கொக்கிக்கு எக்ஸ்எம்எல் வடிவத்தைக் காட்டிவிட்டு எழுதுகிறது. வென்மெர்ஜ்டு கொக்கிக்குள் நூலக வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பாதை கம்பைல் கிளாஸ்பாத்தில் இல்லையென்றால் டெஸ்ட் பண்பை இடலாம். முதன்மை நிரலுக்கு அது தெரியாமல் போகும். ஆனால் விலை ஒன்று உண்டு. முதன்மை வகுப்பைச் சாதாரண ஜாவா லாஞ்ச் வழியாக இயக்கும்போது எக்லிப்ஸ் டெஸ்ட் பண்பு கொண்டவற்றை ஒதுக்கிவிடும். ஜேடிபிசி டிரைவர் கிடைக்காமல் பயன்பாடு தொடக்கத்திலேயே விழும். எப்போதும் கிரேடிலின் ‘ரன்’ டாஸ்க் வழியாக இயக்கும் அணிக்கு இது பொருட்டாகாது. எக்லிப்ஸின் டீபக்கரை நேரடியாகப் பயன்படுத்தும் அணிக்கு ஒத்துவராது.

இரண்டாவது சுற்றுவழியையே நான் பரிந்துரைப்பேன். எக்லிப்ஸில் ‘ஆக்செஸ் ரூல்’ என்ற பழைய வசதி ஒன்று உண்டு. ஓஎஸ்ஜிஐ என்ற மாட்யூல் முறையில் பிளகின்களை எழுதுபவர்களுக்கு அது நன்றாகவே அறிமுகமாகியிருக்கும். மற்றவர்கள் அதைத் தேடிப்போவது அரிது. ஒரு ஜாரின் எந்தப் பகுதியை நிரல் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அது கிளாஸ்பாத் வரிக்குள்ளேயே குறிக்கிறது. வகை மூன்று: அனுமதி, ஊக்கமின்மை, தடை. எல்லா வகுப்புகளையும் குறிக்கும் இரட்டை நட்சத்திரக் கோலத்தோடு ‘நான்அக்செசிபிள்’ என்னும் தடை விதியை ஒரு ஜாருக்கு இட்டுவிட்டால், அதன் எந்த வகுப்பை நிரலில் எழுதினாலும் எக்லிப்ஸ் இயல்பிருப்பிலேயே பிழை காட்டும். அதே சமயம் அந்த ஜார் கிளாஸ்பாத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. இயக்கும்போது எந்தத் தடையும் இல்லை. இம்ப்ளிமென்டேஷன் என்ற சொல்லால் கிரேடில் எதைச் சொல்ல வருகிறதோ, அதற்கு எக்லிப்ஸில் மிக அருகில் வரும் பொருள் இதுதான்.

செய்முறை எளிது. வென்மெர்ஜ்டு கொக்கிக்குள், ‘மெயின்’, ‘டெஸ்ட்’, ‘இன்டெக்’ ஆகிய மூன்றின் கம்பைல் கிளாஸ்பாத்களில் உள்ள கோப்புகளை ஒரே தொகுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளில் நூலக வகையைச் சேர்ந்தவற்றை மட்டும் வடிகட்டுங்கள். எந்த நூலகத்தின் கோப்பு அந்தத் தொகுப்பில் இல்லையோ, அதன் ஆக்செஸ் ரூல் பட்டியலில் தடை விதி ஒன்றைச் சேருங்கள். புராஜெக்ட் வகை வரிகளைத் தொட வேண்டாம். துணைப் புராஜெக்டுகள் எக்லிப்ஸில் புராஜெக்டுகளாகவே இணைக்கப்படுவதால் கோப்புப் பாதையை ஒப்பிடுவது அங்கே பொருந்தாது. தொகுப்பைக் கொக்கிக்கு வெளியே, ஸ்கிரிப்டின் மேல்மட்டத்தில் கணக்கிடாதீர்கள். அப்படிச் செய்தால் எந்த டாஸ்க்கை ஓட்டினாலும் சார்புகள் அனைத்தும் அமைவுக் கட்டத்திலேயே தீர்க்கப்பட்டு, ஒவ்வொரு பில்டும் மெதுவாகும்.

இதிலும் ஓர் ஓட்டை மிச்சமிருக்கிறது. ஒரு ஜார் முதன்மை நிரலுக்கு ரன்டைமில் மட்டும் வந்து, சோதனை நிரலில் ‘டெஸ்ட்இம்ப்ளிமென்டேஷன்’ என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தால், அது தொகுப்பில் இடம்பெற்றுவிடும். முதன்மை நிரலுக்கும் தெரியும். ஒரே வரியில் இரு தரப்புக்கும் இரு தீர்ப்பு எழுத எக்லிப்ஸ் கோப்பில் இடமில்லை. அதைச் சிஐ சர்வர் பிடித்துக்கொள்ளட்டும்.

கமிட் செய்வது பற்றி: தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். எந்த ஜார் எந்தப் பதிப்பு என்பதற்குப் பில்ட் ஸ்கிரிப்ட்தான் ஆதாரம். கிளாஸ்பாத் கோப்பு அதிலிருந்து பெறப்படுவது, கம்பைல் ஆன கிளாஸ் கோப்பைப் போல. கிளாஸ் கோப்பை யாரும் கிட்டில் சேர்ப்பதில்லை. மேவன் காலத்தில் அந்த வழக்கம் ஓரளவு ஓடியதற்குக் காரணம், பழைய பிளகின் முழுப் பாதைக்குப் பதிலாக ‘எம்2_ரெப்போ’ என்ற மாறியைக் கொண்டு பாதையைத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தம் எக்லிப்ஸில் அந்த மாறிக்கு மதிப்புத் தந்துவிட்டால் ஒரே கோப்பு எல்லோருக்கும் பொருந்தியது. கிரேடிலிலும் ‘பாத்வேரியபிள்ஸ்’ என்ற பண்பின் மூலம் அதைச் செய்யலாம். கேஷில் நீங்கள் காணும் ஹாஷ் அந்த ஜாரின் உள்ளடக்கத்திலிருந்து வருவது. ஒரே ஜாருக்கு எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் செய்ய முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை: ஒவ்வொரு பதிப்பு உயர்வுக்கும் எல்லாத் துணைப் புராஜெக்டுகளிலும் மாற்றமும், கிளைகளை இணைக்கும்போது அர்த்தமற்ற மோதல்களும் எதற்கு?

மறுமொழி 3

உருவாகும் நிரல்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். டாஸ்க் ஓடும் நேரத்தில் வட்டில் இல்லாத சோர்ஸ் கோப்புறைக்குப் பிளகின் வரி எழுதுவதில்லை. புரோட்டோபஃப் கோப்புறை புதிய நகலில் இல்லாததால்தான் அது விடுபடுகிறது. கட்டளை வரியிலேயே தொடர்வதானால், ‘எக்லிப்ஸ்கிளாஸ்பாத்’ என்ற டாஸ்க்கைப் புரோட்டோபஃப் டாஸ்க்கைச் சார்ந்ததாக அறிவித்தால் போதும். பில்ட்ஷிப்புக்கு மாறினால் அந்த டாஸ்க் ஓடவே ஓடாது. அங்கே எக்லிப்ஸ் அமைப்பிலுள்ள ‘சின்க்ரனைசேஷன்டாஸ்க்ஸ்’ என்ற பண்பில் புரோட்டோபஃப் டாஸ்க்கைக் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு ஒத்திசைவின்போதும் பில்ட்ஷிப் முதலில் அதை ஓட்டிவிட்டுப் பிறகுதான் கிளாஸ்பாத்தைக் கேட்கும். முழு பில்டையும் அதில் போட்டுவிடாதீர்கள். ஒத்திசைவு நடக்கும் ஒவ்வொரு முறையும் அணி முழுவதும் காத்திருக்க நேரும்.

பில்ட்ஷிப்பில் கிளாஸ்பாத் கோப்பு மிகச் சிறியது. சோர்ஸ் கோப்புறைகள், ஜேஆர்இ கன்டெய்னர், பில்ட்ஷிப்பின் கன்டெய்னர் என்று சில வரிகளே இருக்கும். ஜார்களின் பட்டியல் கோப்பில் எழுதப்படாமல், கிரேடிலின் டூலிங் ஏபிஐ (வெளிக் கருவிகள் அதனோடு பேசும் இடைமுகம்) வழியாகக் கேட்டுப் பெறப்பட்டு அந்தக் கன்டெய்னருக்குள் வைக்கப்படுகிறது. இதனால் உங்கள் முதல் தொல்லை தானாகவே மறைகிறது. மேவன் தரப்பில், அதை எக்லிப்ஸோடு இணைக்கும் எம்2இ செய்வதும் இதே முறைதான். நீங்கள் முன்பு பயன்படுத்திய மேவன் எக்லிப்ஸ் பிளகின் 2.10 பதிப்போடு ஓய்வுபெற்றுவிட்டது.

மறுமொழி 2 சொன்ன ஆக்செஸ் ரூலை வென்மெர்ஜ்டு கொக்கியில் எழுதுவது முக்கியம். பில்ட்ஷிப் அந்தக் கொக்கியை மதிக்கும். ஆக்செஸ் ரூல்கள் டூலிங் ஏபிஐயின் மாதிரியிலும் இருக்கின்றன. வித்எக்ஸ்எம்எல் கொக்கியில் எழுதினால் பில்ட்ஷிப்பில் பலன் இருக்காது, ஏனெனில் அங்கே எக்ஸ்எம்எல் எழுதப்படுவதே இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய துணுக்குகளில் பல வித்எக்ஸ்எம்எல் வழியையே காட்டுகின்றன. நகலெடுக்கும் முன் கவனியுங்கள்.

மறுமொழி 4

எல்லோரும் பில்ட்ஷிப்பை நோக்கியே தள்ளுகிறீர்கள். டாஸ்க் வழிக்காகவும் ஒருவர் பேச வேண்டும். துணைப் புராஜெக்டுகள் மிகப் பலவாக இருக்கும் பில்டுகளில், ஸ்கிரிப்டின் ஒரு வரி மாறியதற்காக நடக்கும் ஒத்திசைவு, வேலையின் நடுவே எரிச்சலூட்டும் அளவுக்கு நீளக்கூடும். டாஸ்க் வழியில் எப்போது புதுப்பிப்பது என்பது என் கையில் இருக்கிறது. அதைவிட, உருவான கோப்பு வட்டில் உரையாக இருக்கிறது. சார்பு ஒன்றை மாற்றும் முன்னும் பின்னும் இரண்டு நகல்களை ஒப்பிட்டால், எந்த ஜார் வந்தது, எது போனது, எதன் டெஸ்ட் பண்பு மாறியது என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். கன்டெய்னருக்குள் அடைந்து கிடப்பதை அப்படி ஒப்பிட முடியாது. மறுமொழி 1 சொன்ன மொக்கிட்டோ வரியைப் பார்ப்பதற்கே டாஸ்க் எழுதிய கோப்புதானே வேண்டியிருக்கிறது?

கமிட் செய்யக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டாஸ்க் வழியில் தொடர்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளகின் பழைய கோப்போடு இணைத்தே எழுதுகிறது என்று மேலே சொல்லப்பட்டது. அந்த இணைப்பில் ஜார்களும் புராஜெக்ட் சார்புகளும் பழையவை நீக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படும். சோர்ஸ் கோப்புறை வரிகள் அப்படி நீக்கப்படுவதில்லை. பில்ட் ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிட்ட கோப்புறை கிளாஸ்பாத் கோப்பில் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் காரணம் அதுவே. ‘கிளீன்எக்லிப்ஸ்’ டாஸ்க்கை முதலில் ஓட்டிவிட்டு ‘எக்லிப்ஸ்’ டாஸ்க்கை ஓட்டினால் சரியாகும். ஆனால் கிளீன்எக்லிப்ஸ், எக்லிப்ஸின் ஜாவா கருவியான ஜேடிடியின் புராஜெக்ட் அமைப்புக் கோப்பையும் சேர்த்தே அழிக்கும். அணியின் ஃபார்மேட்டர் விதிகளை அங்கே வைத்திருந்தால் அவையும் போய்விடும். அவற்றை எக்லிப்ஸின் ஏற்றுமதி வசதி மூலம் தனிக் கோப்பாகக் களஞ்சியத்தில் வைப்பது நல்லது.

மறுமொழி 5

ஐடியாவிலும் விஎஸ் கோடிலும் இருப்பவர்களைப் பற்றிச் சுருக்கமாக. இன்டெல்லிஜே ஐடியா கிரேடில் புராஜெக்டை நேரடியாக இறக்குமதி செய்யும்போது, இயல்பிருப்பில் ஒவ்வொரு சோர்ஸ் செட்டையும் தனி மாட்யூலாக்குகிறது. மாட்யூலின் ஒவ்வொரு சார்புக்கும் கம்பைல், ரன்டைம், புரொவைடெட், டெஸ்ட் என்ற ஸ்கோப்பும் உண்டு. ஆகையால் உங்கள் மொக்கிட்டோவும் சரி, குவாவாவும் சரி, அங்கே சிவந்தே தெரிந்திருக்கும். ஐடியா பயனர்கள் யாரும் இந்தப் புகாரைச் சொல்லவில்லை என்றால் வியப்பில்லை. கிரேடிலின் ‘ஐடியா’ பிளகின் கொண்டு ஐஎம்எல் (ஐடியாவின் மாட்யூல் அமைப்பு) கோப்புகளை உருவாக்கும் பழைய வழிக்கு இப்போது தேவையே இல்லை.

விஎஸ் கோடின் ஜாவா நீட்சி வேறு கருவி போலத் தோன்றினாலும், அதன் உள்ளே இருப்பது எக்லிப்ஸின் ஜாவா மொழிச் சேவையகம். கிரேடிலுக்கு அது பில்ட்ஷிப்பையும் மேவனுக்கு எம்2இயையும் பயன்படுத்துகிறது. ஆகவே எக்லிப்ஸில் கசிவது அங்கேயும் கசியும். வென்மெர்ஜ்டு கொக்கியில் எழுதும் திருத்தம் அவர்களுக்கும் சேரும் என்பதால், அந்தத் திருத்தத்தை ஐடிஇ அமைப்பில் கையால் செய்யாமல் பில்ட் ஸ்கிரிப்டிலேயே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மறுமொழி 1 ஊகித்தபடியே மொக்கிட்டோ வரியில் ‘இன்டெக்’, ‘டெஸ்ட்’ என்ற இரண்டு பெயர்களும் இருந்தன. டெஸ்ட் பண்பு இல்லை. சோர்ஸ் செட்டின் பெயர் சிஐ அமைப்பில் பல இடங்களில் வருவதால் பெயரை மாற்றாமல், இரண்டு பண்புகளிலும் சேர்த்தோம். மொக்கிட்டோ முதன்மை நிரலிலிருந்து மறைந்தது.

ஆக்செஸ் ரூலைச் சேர்த்தவுடன் ‘வலை’யில் மட்டுமல்லாமல் நாங்கள் எதிர்பாராத வேறு துணைப் புராஜெக்டுகளிலும் பிழைகள் தோன்றின. அவை கட்டளை வரியில் சிக்கலின்றிக் கம்பைல் ஆகும் நிரல்கள் என்பதால் முதலில் கொக்கியையே சந்தேகித்தோம். பார்த்தால், அந்த ஜார்கள் எங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு கோப்புறையிலிருந்து சார்புப் பாதையில் கோப்புகளாகச் சேர்க்கப்பட்டவை. கொக்கிக்குள் ஒரு பக்கம் முழுப் பாதையும் மறுபக்கம் புராஜெக்டிலிருந்து தொடங்கும் பாதையும் உரையாக ஒப்பிடப்பட்டதால் பொருந்தவில்லை. பாதைகளை உரையாக அல்லாமல் கோப்புப் பொருள்களாக ஒப்பிட்டபின் அந்தப் பிழைகள் நீங்கின. மிஞ்சியவை உண்மையான கசிவுகள்: ஸ்பிரிங் கட்டமைப்பின் ரன்டைம் சார்புகளாக வந்த வகுப்புகளைத் தொட்டுக்கொண்டிருந்த, இன்னும் கமிட் ஆகாத நிரல்கள். நேரடியாகத் தேவைப்பட்டவற்றைப் பில்ட் ஸ்கிரிப்டில் அறிவித்துவிட்டோம்.

பில்ட்ஷிப்புக்கு மாறிவிட்டோம். ஆனால் மறுமொழி 4இன் கருத்தை ஏற்று எக்லிப்ஸ் பிளகினை ஸ்கிரிப்டில் விட்டுவைத்திருக்கிறோம். ஏதேனும் ஐயம் வந்தால் களஞ்சியத்தின் தனி நகலொன்றில் டாஸ்க்கை ஓட்டிக் கோப்பைப் படிக்கலாம். கிட் புறக்கணிப்புப் பட்டியலில் கிளாஸ்பாத், புராஜெக்ட், செட்டிங்ஸ் மூன்றும் சேர்ந்துவிட்டன. ஒரே ஒரு சிறு கேள்வி மிச்சம்: ஒரு ஜாருக்குத் தடை விழுந்திருக்கிறது என்று எக்லிப்ஸ் சொல்கிறது, அது யார் வழியாக ரன்டைமுக்குள் வந்தது என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 2

அதற்கு எக்லிப்ஸில் தேட வேண்டாம். கிரேடிலின் ‘டிபெண்டன்சிஇன்சைட்’ டாஸ்க்கை, ஜாரின் பெயரையும் ‘ரன்டைம்கிளாஸ்பாத்’ என்ற கான்ஃபிகரேஷனையும் கொடுத்து ஓட்டுங்கள். எந்தச் சார்பு எந்தச் சார்பை இழுத்து வந்தது என்ற சங்கிலியையும், பதிப்பு மோதல் இருந்திருந்தால் எது ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் அது காட்டும். பிறகு அதே டாஸ்க்கைக் ‘கம்பைல்கிளாஸ்பாத்’ பெயரைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பொருந்தும் சார்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தால் தடை சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கான்ஃபிகரேஷன் பெயரைக் கொடுக்க மறந்தால் ஜாவா புராஜெக்டில் அது கம்பைல் கிளாஸ்பாத்தையே எடுத்துக்கொள்ளும் என்பதால், முதல் தேடலில் பெயரை விடாமல் கொடுங்கள்.